நூற்றுக்கு ஒன்பது

அத்தப்பனுக்கு வந்த மதிப்பெண் நூற்றுக்கு ஒன்பது.

பள்ளிக்கூடத்தில் இதைவிடக் குறைவாகவே வாங்கியவர்தான். அதற்காக அப்போது வெட்கப்பட்டதில்லை. கணக்கு வராத பையன் லாரிக்குப் போவான், சங்ககிரியில் அது ஒரு சங்கதியே இல்லை. ஆனால் இது அவர் எழுதிய பரீட்சை அல்ல. அவர் வெளியூர் போனால் அவருக்காக வீட்டில் யாராவது காத்திருக்கிறார்களா என்று, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று சமையலறைச் சுவரில் மூன்று வாரம் ஒட்டிக்கொண்டிருந்து, வீட்டுப் பேச்சையெல்லாம் கேட்டுப் போட்ட மதிப்பெண்.

சேலத்துச் சுற்றுலா ஆபீசில் ஷாகிரா அந்த எண்ணைத் திரையில் காட்டிவிட்டு, தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். சின்ன வயசுப் பெண். கெட்ட சேதி சொல்லிப் பழகிய பெண் என்பது டம்ளரை நகர்த்திய பதமையில் தெரிந்தது.

"ஐயா, இது உங்களப் பத்தின மார்க் இல்லீங்க."

"தெரியுது அம்மிணி. ஓட்டிக் காட்டுனனே, அதுல எவ்வளவு?"

"அதுல தொண்ணூத்தி மூணுங்க. இந்த வருசம் இங்க வந்தவங்கள்ல அதான் உசத்தி."

"அப்பறம் என்ன? நல்லா ஓட்டறவனுக்கு இன்சூரன்ஸ் குடுக்க என்ன வலிக்குது?"

ஷாகிரா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "நல்லா ஓட்டறவங்களும் சாகறாங்கய்யா. எதனாலன்னு கம்பெனிக்காரங்க உலகம் பூரா நடந்த விபத்தையெல்லாம் போட்டுப் பாத்தாங்க. ரோடு, டயர், தூக்கம், குடி எல்லாத்தையும் கழிச்சுட்டுப் பாத்தா ஒண்ணு மட்டும் மிச்சம் நின்னுச்சு. வீட்டுல ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு மனசுல பட்டவன் கால், பிரேக்குக்கு அரை விநாடி முன்னால போகுது. யாரும் இல்லாதவனுக்கு அந்த அரை விநாடி கெடைக்கறதில்ல. அதனால இப்ப அதைத்தான் அளக்கறாங்க."

அரை விநாடி என்றால் என்னவென்று அத்தப்பனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அது கிடைத்தால் குறுக்கே ஓடிவந்த குழந்தை தப்பும், கிடைக்காவிட்டால் தப்பாது. அப்படிப்பட்ட ரோட்டில்தான் அவருடைய வாலிபம் போயிருந்தது.

"எதைக் கேட்டு மார்க் போடுது அந்தப் பொட்டி?"

"எங்க இருக்கறீங்க, போய்ச் சேந்தாச்சா, சாப்பிட்டாச்சா, எப்ப வருவீங்க. இப்படிக் கேக்கறது. ஃபோன் பண்றது. அடுத்தவங்ககிட்ட உங்களப் பத்திப் பேசறது. அதுக்குத்தான் உங்கள நடுவுல ரெண்டு தரம் வெளியூர் போய்த் தங்கச் சொன்னோம்." அவள் திரையைப் பார்த்தாள், பிறகு பார்க்காமலே சொன்னாள். "வீட்டம்மா ஒரு தரங்கூடக் கேக்கலைங்க. எதுவுமே."

"அந்த ஒன்பது எதுக்கு வந்துச்சு?"

"பக்கத்து வீட்டுக்காரங்க உங்க செருப்ப ஓரமா எடுத்து வெக்கப் போயிருக்காங்க. 'அது கெடக்கட்டும், தொடாத'ன்னு வீட்டம்மா சொல்லியிருக்காங்க. உங்களச் சேந்த பொருள் பத்தின பேச்சுன்னு அதுக்கு ஒன்பது."

செருப்புக்கு ஒன்பது. மனுசனுக்குச் சுழி. அத்தப்பன் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

நாட்டில் கையால் வண்டி ஓட்டுவதை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டிருந்தன. லாரிகள் தாமாகப் போயின, தாமாக வந்தன. ஸ்டீயரிங் இல்லாத லாரியை முதல் தடவை பார்த்தபோது மூக்கு இல்லாத முகத்தைப் பார்த்ததுபோல இருந்தது அவருக்கு. அன்றிலிருந்து வீட்டில்தான். பஸ்ஸில் உட்கார்ந்தால் இடது கை தானாகக் கியரைத் தேடும். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை முறைத்துவிட்டு எழுந்து போன கதையும் உண்டு. கையால் ஓட்ட இன்னும் விடுகிற நாடுகள் சில இருந்தன. பழைய டிரைவர்கள் சேர்த்து வைத்ததைக் கொட்டி அங்கே போய் ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்தார்கள். நமீபியா அதில் ஒன்று. நம் ஊரைப் போலவே இடது பக்கம் போகிற ரோடு, வலது பக்கம் ஸ்டீயரிங். சரளை ரோட்டில் இரண்டு நாள் முழுக்கப் போனால் பாலைவனம் கடலுக்குள் இறங்குகிற இடம் வருமாம். சாவதற்குள் ஒரு தரம் அங்கே வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும் என்பது ஆசை. அதற்குக் காப்பீடு வேண்டும். காப்பீடு கிடைக்க, வீட்டில் காத்திருக்க ஒரு ஆள் வேண்டும்.

"வேற யாராச்சும் இருக்காங்களாங்க? மகன், மக, தம்பி?"

"கொழந்த இல்ல. தம்பி போய்ச் சேந்துட்டான்."

"அப்படின்னா ரெண்டு வழி. ஒன்பதோடவே போலாம். ஆனா வண்டிக்கு வேகப்பூட்டுப் போட்டுருவாங்க, முப்பதுக்கு மேல போகாது. பின்னாடி மஞ்சப்பட்டை ஒட்டுவாங்க, ஆளில்லாதவர் வண்டின்னு மத்தவங்க ஒதுங்கிக்க."

"முப்பதா? முப்பதுல போனா எனக்குப் பின்னால எவனாச்சும் சங்கு ஊதிட்டு வரணும் சாமி."

ஷாகிரா சிரித்துவிட்டாள். பிறகு குரலை இறக்கினாள். "இன்னொண்ணு, வாடகைக் காத்திருப்பு. கம்பெனியே அனுமதிச்சதுதான். தூத்துக்குடில ஒரு அக்கா இருக்காங்க, ஜெபான்னு. போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் தெனம் பேசிப் பழகுவாங்க. அங்க போனதும் தெனம் கேப்பாங்க. எழுபத்தஞ்சு எண்பது சுளுவா வரும். முழு வேகத்துல போலாம்."

"காசு குடுத்தாக் காத்திருப்பாளா?"

"காசு வாங்கிட்டு நெசமாவே காத்திருப்பாங்கய்யா. அதனாலதான் பொட்டி ஏத்துக்குது."

எழுந்தபோது அவள் ஆறுதலாகச் சொன்னாள்: "மனசுல வெச்சுக்காதீங்க. சங்ககிரிக்காரங்க யாரு வந்தாலும் இப்படித்தான் வருது. பத்தைத் தாண்டுனவங்களையே நான் பாத்ததில்ல."

அது ஆறுதலாக இல்லை.

*

காப்பீட்டைவிடச் சாமான்கள் வாங்குவது லேசாக இருந்தது. சங்ககிரியில் லாரிப் பாகங்கள் விற்ற கடைகளில் பாதி பூட்டிக் கிடந்தன. மீதி, வெளிநாட்டுக்கு ஓட்டப் போகிற கிழவர்களுக்குச் சாமான் விற்றன. செல்லமுத்து கடையில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது. மின்னுகிற மேலுடுப்பு, நடுரோட்டில் நின்றால் பின்னால் வைக்கிற சிவப்பு முக்கோணம், தீயணைக்கும் உருளை, இழுவைக் கயிறு, காற்றடிக்கிற பம்பு, தண்ணீர்க் கேன், முதலுதவிப் பெட்டி.

"மேலுடுப்ப மாட்டிப் பாரு. ஆகா, மாரியம்மன் பண்டிகை சீரியல் லைட்டாட்ட இருக்கற போ," என்றார் செல்லமுத்து. அவரும் பழைய டிரைவர்தான்.

"உன்ற வாயக் கொஞ்சம் மூடறியா? கயித்த இழுத்துக் காட்டு, அறுந்துக்கும்போல இருக்குது."

"அதெல்லாம் அறுகாது. உனக்கெதுக்குக் கயிறு, அங்க முன்னால பின்னால ஈ காக்கா இல்லியாமா." செல்லமுத்து கயிற்றைச் சுற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "பொட்டி மார்க்கு என்னாச்சு?"

"வந்துச்சு."

"எவ்வளவு?"

"வந்துச்சுன்னு சொன்னனில்ல. உனக்கு எவ்வளவு வந்துச்சு போன வருசம்?"

"வந்துச்சு," என்றார் செல்லமுத்து.

இருவரும் கயிற்றைப் பார்த்தார்கள். செல்லமுத்து போன வருடம் அங்கே போய் நூறில் பறந்துவிட்டு வந்ததாக ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அப்படியானால் யார் பெயரைப் போட்டுப் போனார் என்று அத்தப்பன் கேட்கவில்லை. கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது. ஊரில் அத்தனை டிரைவரும் இந்த எண்ணை ஒரு வியாதியைப் போல மறைத்துத்தான் வைத்திருந்தார்கள். தனக்கு மட்டும் வந்த வியாதி என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அத்தப்பன் அந்த எண்ணை ஒத்துக்கொள்ளவே தொடங்கியிருந்தார். பெட்டி என்ன பொய்யா சொல்லும்? லாரியில் இருந்த காலத்தில், லோடு இறக்கிவிட்டு வாரக்கணக்கில் கழித்து வீடு வந்தால் வீடு எப்படிக் கிடக்கும்? வாசலில் சருகு. உள்ளே கால் வைத்தால் மண் நெறுநெறுவென்றிருக்கும். ஓட்டடை தொங்கும். வருகிறவனுக்காக வீட்டைக் கூட்டிக்கூட வைக்கமாட்டாள் பாவாயி. அவர் கத்துவார்: "மனுசன் வர்ற வீடாடி இது?" அவள் வாயைத் திறக்காமல் விளக்குமாற்றை எடுப்பாள். அவர் தூங்கி எழுவதற்குள் வீடு கழுவிவிட்டதுபோல் ஆகியிருக்கும். மறுபடி லோடு. மறுபடி மண். ஒன்பதே அதிகம்தான்.

அவளிடம் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. "இன்சூரன்ஸ் ஆயிப் போச்சு," என்று மட்டும் சொன்னார். "ம்," என்றாள் பாவாயி. புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

*

ஜெபா சாயங்காலம் டீ நேரத்துக்குப் பேசினாள்.

"என்னண்ணே, சாப்டாச்சா? டீ குடிச்சியளா? குரலு ஏன் அடைச்சிருக்கு?"

முதல் நாள் அத்தப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் டீயைச் சீக்கிரம் குடித்துவிட்டு ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள், கேட்காமலே செல்லமுத்து கடையின் கயிறு பற்றிச் சொன்னார். அவள் சிரித்தாள்.

"நீ இப்படி எத்தனை பேருக்கம்மா காத்திருக்கற?" என்று கேட்டார்.

"அது கேக்கப்பிடாதுண்ணே," என்றாள் ஜெபா. பிறகு, "கணக்கு வச்சா முடியாதுல்லா. ஒருத்தரு பேச வேண்டிய நேரத்துக்குப் பேசலைன்னா எனக்குச் சோறு எறங்காது. எம்புள்ளையே வையுது, 'அம்மா, நீ என்னைக்காச்சும் எனக்குக் காத்திருந்திருக்கியா'ன்னு," என்றாள். சொல்லிவிட்டு வேலையை நினைவுபடுத்திக்கொண்டவள்போலக் குரலை மாற்றினாள். "அத விடுங்க. முக்கியமானத நான் இன்னும் கேக்கவே இல்ல பாருங்க. போயிட்டு எப்பண்ணே திரும்பி வருவீய?"

ஃபோன் சத்தமாகத்தான் வைக்கப்பட்டிருந்தது. லாரி இரைச்சலில் போன காது அவருக்கு. சமையலறையில் கரண்டி விழுந்தது.

பாவாயி வெளியே வந்தாள். இத்தனை வருடத்தில் அத்தப்பன் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. கோபம் என்று முதலில் நினைத்தார். அது கோபம் இல்லை, பயம்.

"யாரு இவ?"

"இன்சூரன்சுக்கு வெச்ச ஆளு. நீ உள்ள போ."

"எப்ப வருவீங்கன்னு கேக்கறா."

"அதான் அவ வேல. அதுக்குத்தான் காசு."

"கேக்கச் சொல்லிக் காசு குடுத்தீங்களா?" பாவாயி நடந்து வந்து ஃபோனை எடுத்தாள், திரும்பிப் போனாள், தண்ணீர் அண்டாவில் போட்டாள். இந்தக் காலத்து ஃபோன் தண்ணீருக்குச் சாவதில்லை. அண்டாவுக்குள்ளிருந்து "அண்ணே? அண்ணே?" என்று ஜெபா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது?"

"எனக்கா? வண்டியேறற மனுசனப் பாத்து எப்ப வருவேன்னு எவளாச்சும் கேப்பாளா? லாரிக்காரன் ஊட்டுல பொறந்து லாரிக்காரனுக்கு வாக்கப்பட்டவ நானு. எங்கம்மா ஒருக்காக் கேட்டா. ஒரே ஒருக்கா. அப்பன் நாக்பூர் லோடுக்கு ஏறறாரு. தங்கச்சிக்குக் காதுகுத்து வெச்சிருந்துச்சு. 'எந்தத் தேதிக்கு வருவீங்க'ன்னு வாயத் தொறந்துட்டா. லாரி வந்துச்சு. வேற டிரைவர் ஓட்டியாந்தாரு."

மாமனார் ரோட்டில் செத்தது அத்தப்பனுக்குத் தெரியும். இது தெரியாது.

"அன்னைக்கு எங்கம்மா என்னக் கூப்புட்டுச் சொன்னா, 'கேக்காத. ரோட்டுல இருக்கறவனப் பத்தி யாருகிட்டயும் பேசாத. மனசுக்குள்ளகூடத் தேதி வெக்காத'ன்னு. நானும் வாயக் கட்டிட்டுக் கெடந்தேன். வெள்ளம்னு டிவில காட்டுவான், ஆந்திராவுல கலவரம்னு காட்டுவான், ஃபோனக் கையில எடுத்துக் கீழ வெப்பேன். கேக்கறது என்ன பெரிய வேல? அந்தச் சிறுக்கி பத்து நிமிசத்துல கேட்டுப்போட்டா. கேக்காம இருந்து பாக்கச் சொல்லுங்க அவள."

"அவளத் திட்டாத. அவளும் பொழைக்கோணும்."

"ஊட்டக் கூட்டறதில்ல, கழுவறதில்லன்னு வந்து நின்னு கத்துவீங்களே." பாவாயியின் குரல் இப்போது இறங்கியிருந்தது. "ஆளு ரோட்டுல இருக்கையில ஊட்டக் கூட்டித் தண்ணி ஊத்துனா, போன ஆளச் சேத்துக் கூட்டித் தள்ளுன மாதிரி. மத்தவங்க அரை நாள் கூட்டாம இருப்பாங்க. எனக்கு மனசு கேக்காது. நீங்க வந்து உள்ள காலு வெக்கற வரைக்கும் வெளக்கமாத்தத் தொடமாட்டேன். மண்ணு மேலயே படுத்துக் கெடப்பேன்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா? சொல்றதும் கேக்கறதும் ஒண்ணுதான்."

அவள் அண்டாவுக்குள் கைவிட்டு ஃபோனை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜெபா எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.

அந்த மண்ணின் மேல் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று அவர் கத்தியது ஒருதரம் இரண்டு தரம் அல்ல. திரும்பி வந்த ஒவ்வொரு தரமும்.

*

ஷாகிரா முழுவதையும் கேட்டாள்.

"கேட்டாத்தானுங்க கணக்கு," என்றாள் கடைசியில். "கேக்காம இருக்கறத அந்தப் பொட்டி எப்படிங்க கேக்கும்?"

"எங்கூருல முக்காவாசிப் பொம்பளைங்க இப்படித்தான் இருப்பாங்க அம்மிணி. மேல எழுதிப் போடு. பொட்டியத் திருத்தச் சொல்லு."

"போன வருசமே எழுதுனேங்க, சங்ககிரிக்கு மட்டும் ஏன் இப்படி வருதுன்னு. 'அப்பகுதியில் குடும்பப் பற்று குறைவு'ன்னு பதில் போட்டுட்டாங்க. இப்ப உங்கூருக்காரங்களுக்கு வீட்டு இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் எல்லாத்துக்குமே அதைத்தான் பாக்கறாங்க." அவள் யோசித்தாள். "ஒரு வழி இருக்குது. மறுசோதனைக்கு ஒருதரம் விடுவாங்க. அம்மா பொட்டிக்கு முன்னாடி ஒரே ஒரு வாக்கியம் கேட்டாப் போதும். பொய்யா இருந்தாலும் சரி. மீதிய நான் பாத்துக்கறேன்."

வீட்டுச் சுவரில் மறுபடி தீப்பெட்டி ஒட்டப்பட்டது. அத்தப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல்வரை போய், கிளம்புகிற மாதிரி நின்றார். வெயிலில் நாடகம் போடுவதுபோல இருந்தது, அவருக்கே சிரிப்பு வந்தது.

"பொய்க்குக் கேளு பாவாயி. ஒரே ஒரு வார்த்த. நான் எங்கயும் போகலையே, இங்கதான நிக்கறேன்."

பாவாயி முயற்சி செய்தாள். அதை அவர் பார்த்தார். வாய் திறந்தது, கழுத்து நரம்பு ஏறியது. அவருக்காக அந்த வார்த்தையைத் தொண்டைவரை கொண்டுவந்தாள். பிறகு விழுங்கிவிட்டாள்.

"பொய்க்குக் கத்தி போட்டாலும் ரத்தம் வருமுங்க," என்றாள். "என்னால ஆகாது. நீங்க அந்தத் தூத்துக்குடிக்காரி பேருலயே போங்க. அவளையும் என் காதுல விழாமக் கேக்கச் சொல்லுங்க."

மறுநாள் சேலத்தில் ஷாகிரா கடைசித் தாளைத் திரையில் விரித்துவிட்டுக் காத்திருந்தாள். காத்திருப்பவர் பெயர் என்ற இடத்தில் ஜெபாவின் பெயர் இருந்தது. பக்கத்தில் எழுபத்தெட்டு.

"இந்தப் பேருல போயி அங்க எனக்கு ஏதாச்சும் ஆயிப் போச்சுன்னா, மொதல்ல யாருக்குச் சொல்வாங்க?"

"ஜெபா அக்காவுக்குங்க. அவங்கதான் பதிவுல இருக்கறவங்க."

"அவ பாவம், எத்தன பேருக்குன்னு அழுவா." அத்தப்பன் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "அத அழிச்சுப் போடு. பாவாயின்னு எழுது. அந்த ஒன்பதையே எழுது."

"ஐயா, முப்பதுல போனா அந்தக் கடலுக்கு நீங்க போய்ச் சேரவே நாள் பத்தாது. நூறுல ஓட்டணும்னுதான இத்தனை பாடு?"

"எழுது சாமி."

கிளம்பிய அன்று "வர்றேன்" என்றார். அவ்வளவுதான் சொல்லலாம். பாவாயி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த சட்டியையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

*

நமீபியாவின் தலைநகர் விண்டுக்கில் வண்டிச் சாவி கொடுத்த பெண் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அவளுடைய பாஷை காதுக்கருவியில் தமிழாகி வந்தது.

"வீட்டில் யாரும் இல்லையா?"

"இருக்குது. பொண்டாட்டி."

அவள் தலையை ஆட்டினாள். எல்லாக் கிழவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து அவர் கையில் வைத்து, கையை மூடிவிட்டாள்.

தார் ரோடு முடிந்து சரளை தொடங்கியது. ஸ்டீயரிங் கையில் வந்ததும் இடது கை தேடாமலே கியரில் போய் உட்கார்ந்தது. ஆனால் முப்பது. கால் அழுத்தினாலும் வண்டி முப்பதிலேயே முனகியது. எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். பின்னால் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டையைப் பார்த்ததும் வேகம் குறைத்து, துக்க வீட்டைக் கடப்பதுபோல மரியாதையாகக் கடந்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் குழந்தை பின்கண்ணாடி வழியாகக் கையசைத்தது. அதன் அம்மா கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். மான் கூட்டம்கூட அவசரப்படாமல் ரோட்டைத் தாண்டியது. பிறகு யாரும் இல்லை. மண்ணும் வானமும் வண்டியும். பேச ஒரு ஆள் கிடையாது, ஜெபாவும் கிடையாது. தின்கிறபோது வாய் அசைகிற சத்தம் அவருக்கே கேட்டது. லாரியில் போன காலத்தில்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை. கடலுக்குப் போய்ச் சேரமுடியாது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் வண்டி பேசியது.

"வாடிக்கையாளர் அத்தப்பன் அவர்களுக்கு. உங்கள் ஓட்டும் முறையில் முரண்பாடு உள்ளது. ஆளில்லாதவர் என்று பதிந்துள்ளீர்கள். ஆனால் உங்கள் கால், காத்திருக்க ஆள் உள்ளவருடைய கால். அரை விநாடி முன்னதாகப் பிரேக்குக்குப் போகிறது. உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார். அவரை மறைத்திருக்கிறீர்கள். பெயரைத் தெரிவிக்கவும்."

அத்தப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"பாவாயி," என்றார்.

"அவர் ஏற்கெனவே மதிப்பிடப்பட்டவர். ஒன்பது. மறைக்கப்பட்ட நபரின் பெயரைத் தெரிவிக்கவும்."

"பாவாயி."

"அவர் அல்ல. வேறு நபர்?"

"வேற எவ இருக்கறா எனக்கு? பாவாயிடா. பாவாயி!" கத்திய கத்தலில் ரோட்டோரம் நின்ற ஒரு நெருப்புக்கோழி கழுத்தைத் திருப்பியது.

"தகவலை மறைத்ததற்காக உங்கள் வேகம் இருபதாகக் குறைக்கப்படுகிறது. பாதுகாப்பான பயணத்துக்கு வாழ்த்துகள்."

அத்தப்பனுக்குச் சிரிப்பு வந்தது. ஆரம்பித்தது நிற்கவில்லை. அந்த வெட்டவெளியில் தனியாக உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தண்ணீர் வந்த பிறகு அது சிரிப்பு இல்லை.

சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஃபோன் அடித்தது. ஊரிலிருந்து. அவர் ரோட்டில் இருக்கும்போது அவள் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. முதல் மணியிலேயே எடுத்தார்.

"தண்ணி மோட்டர் ஓடமாட்டேங்குது," என்றாள் பாவாயி.

"பட்டன அழுத்துனியா?"

"எந்தப் பட்டன்? பச்சையா செவப்பா?"

வீட்டில் அந்த மோட்டார் வந்த நாள் முதல் அதைப் போட்டு நிறுத்துகிறவள் அவள்தான். அதில் இரண்டு பட்டன் இருப்பதே அத்தப்பனுக்கு ஊரோடு வந்த பிறகுதான் தெரியும்.

"பச்ச," என்றார்.

"பச்சையா?"

"ஆமா. பச்ச."

"அழுத்துனா ஓடுமா?"

"ஓடும்."

"சரி," என்றாள். கொஞ்சநேரம் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டாள்.

"உரையாடல் மதிப்பிடப்பட்டது," என்றது வண்டி. "வீட்டு விவகாரம். எதிர்பார்ப்பு: இல்லை."

மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டாள். கேஸ் அடுப்பைப் பற்றவைப்பது எப்படி என்று கேட்டாள். அத்தப்பன் வண்டியை ஓரங்கட்டினார். முதலில் சிலிண்டரைத் திறக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்து, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.